பழைய நாணயத்தைச் சுத்தம் செய்யலாமா? எதை எடுக்கலாம், எதை விடவேண்டும்

பழைய நாணயம் ஒன்று கையில் கிடைத்ததும் அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிப் பார்க்கத்தான் முதலில் தோன்றும். தயவுசெய்து தேய்க்காதீர்கள். தேய்த்துக் கெட்ட நாணயத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே கிடையாது. தேய்க்காமல் வைத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது; தேவைப்பட்டால் அடுத்த மாதம்கூடக் கழுவிக்கொள்ளலாம். பெரும்பாலான நாணயங்களை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி. சிலவற்றுக்கு மட்டும் உண்மையிலேயே கைவைத்தியம் தேவைப்படும். அவை எவை, எதுவரை போகலாம் என்று பார்ப்போம்.

நாணயத்தின் மேல் தெரிவதெல்லாம் அழுக்கு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. மண், எண்ணெய்ப் பிசுக்கு, விரல்ரேகை, ஒட்டுநாடாவின் பசை, பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த பிசுபிசுப்பு ஆகியவை வெளியிலிருந்து வந்து ஒட்டியவை. வெள்ளியின் கறுப்பு, செம்பின் பழுப்பு, வெண்கலத்தின் பச்சை ஆகியவை அப்படியல்ல. நாணயத்தின் உலோகமே காற்றோடும் ஈரத்தோடும் கந்தகத்தோடும் சேர்ந்து அப்படி ஆகியிருக்கிறது. ஒட்டியதை எடுக்கலாம். ஆகியதை எடுக்கப்போனால் நாணயத்தின் மேற்பரப்பே அதோடு போய்விடும்.

வெள்ளியைப் பாருங்கள். கறுத்துப்போன வெள்ளி நாணயத்தின் மேல் இருப்பது வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலம். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது பொன்மஞ்சள் தெரியும். தடிமன் கூடக்கூடச் செந்நீலம், நீலம் என்று மாறி, கடைசியில் கறுப்பாகும். தண்ணீரில் சொட்டிய எண்ணெயில் வண்ணங்கள் தெரிவதும் இதே காரணத்தால்தான். இந்தப் படலத்தில் உள்ள வெள்ளி நாணயத்தின் மேல்தோலிலிருந்து வந்தது. கடையில் விற்கும் வெள்ளி மெருகுத் திரவத்தில் முக்கினால் அது கரைந்து போகிறது. கூடவே இன்னொன்றும் போகிறது. அச்சு விழும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வழிந்தோடி, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விட்டுச் செல்கிறது. புழக்கத்துக்கு வராத நாணயத்தை விளக்கடியில் சாய்த்துச் சுழற்றினால் ஒளிப்பட்டைகள் சக்கரத்தின் ஆரங்கள்போலச் சுற்றி வருவது அந்தக் கோடுகளால்தான். திரவம் அவற்றின் முகட்டைக் கரைத்துவிடும். பிறகு நாணயம் வெள்ளையாக இருக்கும், உயிர் இருக்காது. எப்படிச் சுழற்றினாலும் ஒளி நகராது.

செம்பிலும் வெண்கலத்திலும் இழப்பு இன்னும் பெரிது. உலோகத்தை ஒட்டிச் செந்நிறமான செம்பு ஆக்சைடு, அதன்மேல் பழுப்போ கறுப்போ, மண்ணில் கிடந்ததானால் அதற்கும் மேல் பச்சை என்று அடுக்கடுக்காக இருக்கும். பல நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்த நாணயத்தில் முகமும் எழுத்தும் பெரும்பாலும் அந்த ஆக்சைடு அடுக்கில்தான் பிழைத்திருக்கும். அடியிலுள்ள உலோகம் ஏற்கெனவே அரித்துக் குழி விழுந்திருக்கும். அமிலத்தில் போட்டு ‘சுத்தமாக’ எடுத்தால் கைக்கு மிஞ்சுவது உருவமில்லாத, அம்மைத் தழும்பு விழுந்த வட்டம்.

எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று புளிப்பு எதுவானாலும் செம்பின் மேல் செய்வது இதைத்தான். வெளியே வரும் நாணயம் இளஞ்சிவப்பாக மினுங்கும். இயல்பாக மூப்படைந்த செம்பு நாணயத்தில் அந்த நிறம் இருக்கவே முடியாது என்பதால், சேகரிப்பாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பித்தளையிலோ துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பின் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். பற்பசையும் சாம்பலும் வேறு விதமாகக் கெடுக்கின்றன. பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணால் குறிக்கும் மோஸ் அளவில் வெள்ளியும் செம்பும் பொன்னும் 3-ஐ ஒட்டி நிற்பவை. பல பற்பசைகளில் சேர்க்கப்படும் சிலிக்கா அவற்றைவிடக் கடினமானது. அதெல்லாம் வேண்டாம், மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் என்ன என்று கேட்கலாம். துணி கீறாது, நாணயத்தின் மேல் படிந்திருக்கும் தூசியில் உள்ள மணல்துகள் கீறும். அதன் கடினத்தன்மை 7. துணி அந்தத் துகளை அழுத்திப் பிடித்து இழுத்துச் செல்கிறது, அவ்வளவுதான். அப்படி விழும் மயிரிழைக் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் அழுக்கு தங்கி, உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றிடம் மட்டும் மின்னினால் அதுவும் தேய்த்ததற்கு அடையாளம்தான்.

நாணயங்களைத் தரம் பிரிக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் 1 முதல் 70 வரை எண் தருகின்றன. தவறாகச் சுத்தம் செய்யப்பட்டது என்று கண்டால் எண் தராமல், ‘டீட்டெய்ல்ஸ்’ என்று மட்டும் குறித்து, காரணத்தையும் உறையின் மேல் எழுதிவிடுகின்றன. அந்த நாணயத்தின் மதிப்பு அங்கேயே விழுந்துவிடும்.

தொடுவதற்கு முன்

கீழே மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஓரத்தில் மட்டும் படும்படி நாணயத்தைப் பிடியுங்கள். கையுறை போடுவதானால் தூள் பூசாத நைட்ரைல் கையுறை நல்லது. பருத்திக் கையுறை வழுக்கும், துகளையும் பிடித்துக்கொள்ளும். இரு பக்கத்தையும் படமெடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு என்ன உலோகம் என்று உறுதிப்படுத்துங்கள். காந்தம் பிடித்தால் இரும்பாகவோ எஃகாகவோ நிக்கலாகவோ இருக்கலாம்.

சிலவற்றை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள். சேகரிப்பாளருக்கென்றே கண்ணாடிபோல் மினுங்க அச்சிடும் புரூஃப் நாணயங்களும் புழக்கத்துக்கு வராத நாணயங்களும் இதில் சேரும். ஈய நாணயத்தின் மேலுள்ள வெள்ளைத் தூள் நச்சு. அதை வீட்டில் சுரண்டவே கூடாது. துத்தநாகம் அமிலம், காரம் இரண்டிலும் கரையும், அலுமினியமும் அப்படியே. இரும்பு நாணயத்தைத் தண்ணீரில் ஊறவைத்தால் துருதான் மிஞ்சும். மூன்றாம் நூற்றாண்டு ரோமானிய நாணயங்கள் பலவற்றில் வெண்கலத்தின் மேல் மிக மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். கொஞ்சம் பலமாகக் கை வைத்தால் அது உரிந்து வந்துவிடும். மண்ணில் நெடுங்காலம் கிடந்த பழங்கால வெள்ளி சில சமயம் உள்ளுக்குள் படிகமாகி, பிஸ்கட்போல் உடையக்கூடியதாகியிருக்கும். மண்ணோடு கிடைத்த புதையல் நாணயமானால் அந்த மண்ணே சான்று. பல நாடுகளில் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே கழுவாமலே ஒப்படையுங்கள்.

மூன்று பச்சைகள்

தமிழில் பச்சையாக எது படிந்தாலும் களிம்பு என்றே சொல்லிவிடுகிறோம். நாணயத்தைப் பொறுத்தவரை அதில் மூன்று வகை உண்டு. ஒன்றை விடவேண்டும், ஒன்றைக் கழுவவேண்டும், ஒன்றோடு போராடவேண்டும். எது எது என்று தெரியாமல் கைவைத்தால் நல்லதைச் சுரண்டிவிட்டுக் கெட்டதை விட்டுவைப்போம். ஒரு பல்குச்சியின் நுனியை லேசாக வைத்துப் பாருங்கள்.

குச்சி வழுக்கிக்கொண்டு போகிறது, பச்சை கெட்டியாக, வழவழப்பாக, கண்ணாடிப் பூச்சுபோல் இருக்கிறது என்றால் அது உலோகத்தோடு ஒன்றிப்போன பச்சை. பெரும்பாலும் செம்பு கார்பனேட். உள்ளேயுள்ள உலோகத்துக்கு அதுதான் போர்வை. அதைத் தொடாதீர்கள்.

குச்சியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தால் அது பிவிசி பிசுக்கு. மெத்தென்று வளையும் பிளாஸ்டிக் உறைகளில் நாணயத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் அந்தப் பிளாஸ்டிக் சிதைந்து, மென்மையாக்கும் எண்ணெயும் அமிலமும் கசிந்து உலோகத்தைத் தின்னத் தொடங்குகின்றன. இதை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

குச்சி பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் அது வெண்கல நோய். பெயர்தான் நோய், கிருமி எதுவும் இல்லை. உலோகத்துக்குள் தங்கியிருக்கும் செம்பு குளோரைடு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. வட்டம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு மூடிய டப்பாவில் ஈரத் தாளோடு, தாள் நாணயத்தின் மேல் படாமல், ஒன்றிரண்டு நாள் வைத்துப் பாருங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளி முளைத்தால் நோய் இருக்கிறது. உடனே எடுத்து உலர்த்திவிடுங்கள்.

தண்ணீர்

மண்ணுக்கும் உப்புக்கும் காய்ச்சி வடித்த நீர் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள குளோரைடு செம்புக்கு ஆகாது. கண்ணாடிக் கிண்ணத்தில் நாணயம் மூழ்கி மேலே 2 செ.மீ. நிற்கும் அளவுக்கு ஊற்றி, ஒரு கிண்ணத்துக்கு ஒரே ஒரு நாணயத்தைப் போடுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து கிடந்தால் ஒன்றையொன்று உரசும்; வேறுவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு கூடும். 24 மணிநேரம் கழித்துத் தண்ணீரை மாற்றுங்கள். புழக்கத்தில் இருந்த சாதாரண நாணயத்துக்கு ஒரு நாளே போதும். மண் இறுகியதற்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிக்கொண்டு பல வாரங்கள் விட்டுவைக்க வேண்டும். இதில் பொறுமையைத் தவிரக் குறுக்குவழி கிடையாது.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், 250 மி.லி. வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் மணமும் நிறமும் சேர்க்காத, கார அமிலச் சமநிலை உள்ள திரவ சோப்பு இரண்டு சொட்டு. நாணயத்தை 10 நிமிடம் வைத்து, ஓரத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே முன்னும் பின்னும் அலசுங்கள். விரலால் தேய்க்காதீர்கள். மூன்று முறை புதுத் தண்ணீரில் அலசிய பிறகு, பஞ்சுநார் உதிராத தாளின் மேல் செங்குத்தாகப் பிடித்து நீரை வடியவிடுங்கள். பிறகு படுக்கவைத்து, மேலே இன்னொரு தாளை வைத்து ஒற்றி எடுங்கள். ஒற்றுவதற்கும் துடைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் கீறலுக்கும் கீறல் இல்லாமைக்கும் உள்ள வித்தியாசம்.

மண்ணில் கிடைத்த வெண்கல நாணயத்தில் ஊறிய மண்ணை மூங்கில் பல்குச்சியாலோ காய்ந்த முள்ளாலோ எடுக்கலாம். லென்ஸின் அடியில் நாணயத்தை வைத்து, குச்சியை ஏறக்குறையப் படுக்கையாகச் சாய்த்து, வெற்றிடத்தில் தொடங்கி உருவத்தை நோக்கிப் போங்கள். குச்சியால் குத்தாமல் நெம்புங்கள். மண் ஒரு சின்னச் செதிளாகப் பெயர்ந்து, அடியில் வழவழப்பான பச்சையோ பழுப்போ தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். செந்நிறம் தெரிந்தால் ஏற்கெனவே ஓர் அடுக்கு அதிகமாகப் போய்விட்டீர்கள்; மஞ்சளாக உலோகம் மின்னினால் வேலையை அன்றோடு விட்டுவிடுங்கள். எஃகு ஊசி, கம்பித் தூரிகை, மீயொலியால் கழுவும் அதிர்வுத் தொட்டி எதுவும் வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கச் சொல்வார்கள். அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் மெல்லச் செம்பைத் தாக்கி நிறத்தை இருட்டாக்கும். எண்ணெய்தான் வேண்டுமென்றால் கனிம எண்ணெய் தேவலை.

அசிட்டோன்

பிவிசி பிசுக்கு, ஒட்டுநாடாப் பசை, அரக்கு, கொழுப்பு ஆகியவற்றுக்கு அசிட்டோனை மிஞ்சியது இல்லை. பசையைக் கரைக்கும், உலோகத்தையோ அதன் இயல்பான நிறப்படலத்தையோ தொடாது. ஆனால் சுத்தமான அசிட்டோனாக இருக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் நிறம், மணம், எண்ணெய் எல்லாம் கலந்திருப்பதால் அது உதவாது.

அசிட்டோன் உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும் ஆவியை விடக்கூடியது. அடுப்பு, விளக்குச்சுடர், மின்பொறி எதுவும் பக்கத்தில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில்தான் இதைச் செய்யவேண்டும். கண்ணாடிப் பாத்திரம் மட்டும். பல பிளாஸ்டிக்குகள் கரைந்து நாணயத்தின் மேலேயே படிந்துவிடும்.

மூடியுள்ள மூன்று சிறு கண்ணாடிக் குப்பிகளில் 30 மி.லி. வீதம் ஊற்றிக்கொள்ளுங்கள். முதல் குப்பியில் நாணயத்தை இறக்கி மூடி, அரைமணி நேரம் விட்டு, இடையிடையே குப்பியை மெல்ல ஆட்டுங்கள். பச்சைப் பிசுக்கு விளிம்பிலிருந்து மெல்ல நெகிழ்வதை லென்ஸில் பார்க்கலாம். பிடிவாதமான இடத்தை, அசிட்டோனில் நனைத்த பஞ்சுக்குச்சியை அழுத்தாமல் உருட்டி எடுங்கள். ஒருமுறை உருட்டியதும் வேறு பஞ்சு. பிறகு இரண்டாம் குப்பியில் 10 நிமிடம், மூன்றாவதில் ஒரு நிமிடம். இந்த மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் குப்பியில் கரைந்த பசை அசிட்டோன் ஆவியானதும் மெல்லிய படலமாகத் திரும்ப நாணயத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கடைசி அலசல் கறையற்ற புது அசிட்டோனாக இருந்தால் சில நொடியில் ஒரு சுவடும் இல்லாமல் காய்ந்துவிடும். பிசுக்கு போன இடத்தில் மங்கலோ குழியோ தெரிந்தால் அது ஏற்கெனவே அமிலம் தின்ற இடம். அதை ஒன்றும் செய்ய முடியாது. மேலும் பரவாது என்பதே இலாபம்.

தண்ணீரில் கழுவிய நாணயத்தையும் முடிவில் ஒருமுறை அசிட்டோனில் முக்கி எடுத்தால் இடுக்கில் நின்ற ஈரமெல்லாம் அதோடு போய்விடும்.

வெண்கல நோய்க்கு

நோயுள்ள நாணயத்தை முதலில் மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். ஒட்டுவாரொட்டி என்பதற்காக இல்லை. அதற்குத் தேவைப்படும் வறட்சியைத் தனி டப்பாவில்தான் தரமுடியும். உதிரும் பொடியைப் பல்குச்சியால் எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் சில வாரம், தினமும் மாற்றி ஊறவையுங்கள். அதில் அடங்காவிட்டால் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல் உண்டு. 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு நீர்நீக்கிய சோடியம் கார்பனேட் 28 கிராம், சோடியம் பைகார்பனேட் 22 கிராம். ஏறக்குறைய 5 சதவீதம் வரும். வாரம் ஒருமுறை மாற்றி, மாதக்கணக்கில் வைக்கவேண்டும். இதற்கும் விலை உண்டு: பச்சையின் சாயல் மாறலாம், நீலப்பச்சைப் படிவு புதிதாக வரலாம். வெள்ளிப் பூச்சுள்ள நாணயத்துக்கு இது கூடாது. முடிந்ததும் வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு வாரம் அலசி, அசிட்டோனில் முக்கி உலர்த்துங்கள். அருங்காட்சியகங்களில் இதற்குப் பின் பென்சோட்ரையசோல் என்னும் அரிப்புத் தடுப்பு வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அது நச்சு, மதிப்புள்ள நாணயமானால் அதைப் பாதுகாப்பு வல்லுநரிடமே கொடுத்துவிடுங்கள்.

கறுத்த வெள்ளி

விட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் அழுத்தமான கருத்து. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் சேர்த்துச் செய்யும் வித்தை சல்பைடைத் திரும்ப வெள்ளியாக்குவது உண்மைதான். ஆனால் அது பழைய மேற்பரப்பாகத் திரும்புவதில்லை; மங்கலாக, திட்டுத்திட்டாக வரும். அமோனியாவைச் சிலர் சொல்வார்கள். அது கலவையிலுள்ள செம்பையும் கரைக்கும். வெள்ளி கரைந்த அமோனியாக் கரைசலை எடுத்துவைத்தால் வெடிக்கக்கூடிய சேர்மம் உண்டாகும். வீட்டில் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

கழுவிய பிறகு

சுத்தம் செய்த நாணயம் பிசுக்குப் போர்வை இல்லாமல் இருப்பதால், முன்னைவிட எளிதில் நிறம் மாறும். எதில் வைக்கிறீர்கள் என்பது இனிதான் முக்கியம். மைலார் எனப்படும் பாலியஸ்டர் உறை நல்லது. சற்று விறைப்பாக, மடக்கினால் மடிப்பு விழும்படி இருக்கும். கையிலுள்ள உறை பிவிசியா என்று ஐயம் இருந்தால், ஒரு துண்டை வெட்டிச் சோதிக்கலாம். வெட்டவெளியில், செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, அந்தத் துண்டைத் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. அந்த உறையைத் தூக்கிப்போடுங்கள். அசிட்டோன் இருக்கும் இடத்தில் இந்தச் சோதனை கூடாது. ரப்பர் பட்டை, கம்பளித் துணி ஆகியவற்றில் கந்தகம் இருப்பதால் வெள்ளிக்கு ஆகாது. ஓக் போன்ற மரப்பெட்டிகள் விடும் அமில ஆவி ஈயத்தைத் தின்றுவிடும். வெண்கலத்துக்குக் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். நோய் கண்ட நாணயத்துக்கு 35-க்கும் கீழே. இறுக மூடும் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பையும் ஒரு சிறு ஈரமானியும் போட்டுவையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

உறையோடு ஒரு துண்டுச் சீட்டையும் வையுங்கள்: எந்தத் தேதியில், எதில், எத்தனை நாள் ஊறியது, முன் எடை, பின் எடை. விற்கும்போது வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். வெண்கல நாணயமானால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, பிறகு மூன்று மாதம் கழித்து ஒருமுறை, லென்ஸை எடுத்து எழுத்துகளின் இடுக்குகளைப் பாருங்கள். வெளிர்பச்சைப் பொடி மறுபடி தலைகாட்டுவதானால் அங்கேதான் முதலில் தெரியும்.